இடம் விட்டு எழுதிய தீர்ப்பு

நல்ல ஜட்ஜுன்னா சொன்னே? நீ சொல்றதைத் தப்புன்னு சொல்லலம்மா. உங்க வக்கீல் சொல்லியிருப்பாரு, நீயும் நம்பிட்டே. உட்காரு. இந்தப் பக்கம் வா, அங்க வெயில் வரும். பார்க்கிறதுக்குக் கொடுத்த மனுவை வாங்கிட்டு ஜெயில்காரன் உள்ள போயிருக்கான், இப்போதைக்குக் கூப்பிட மாட்டான். முதல் தடவை வர்றவங்க எல்லாம் இப்படித்தான் கேட்டையே பார்த்துக்கிட்டு நிப்பாங்க. நானும் நின்னேன். நின்னா சீக்கிரம் விட்டுடுவாங்கன்னு நினைப்பு.

உள்ள இருக்கிறது உன் அண்ணனா? நோட்டீஸ் ஒட்டினதுக்கா? அதுக்கு எத்தனை செக்‌ஷன் போட்டு வெச்சிருக்காங்க பாரு. எங்க வீட்டுக்காரர் மேல கொலை முயற்சி. என்ன பண்ணாருன்னு கேளு. வீடியோ எடுத்தாரு.

எங்க கேஸைப் பார்த்தவரும் நல்ல ஜட்ஜுதான். சும்மா ஊரு சொல்ற நல்லவர் இல்ல. எங்க வீட்டுல சாப்பிட்ட நல்லவரு.

இளம்பரிதின்னு பேரு. அப்போ வக்கீலா இருந்தாரு. எங்க ஊரு காரைவேடு. ஊருக்கு மேற்கால சாயக் கெமிக்கல் கம்பெனி ஒண்ணு வந்தது. வந்த ரெண்டாம் வருஷம் கிணத்துத் தண்ணி செவந்து போச்சு. மாடு குடிச்சு வயிறு ஊதிச் செத்தது. பிள்ளைங்களுக்குக் கையெல்லாம் தோல் உரிஞ்சது. நாங்க பொம்பளைங்க எல்லாம் போய்க் கம்பெனி வாசல்ல உட்கார்ந்தோம். போலீஸ்காரன் எங்களை வேன்ல ஏத்திக்கிட்டுப் போய் ஒரு கல்யாண மண்டபத்துல அடைச்சுட்டான். பொழுது சாயப் போகுது, விடல. அப்பத்தான் இவரு வந்தாரு, ஒரு பழைய பைக்ல. ஒல்லியா இருப்பாரு அப்போ. இன்ஸ்பெக்டர்கிட்ட போய் நின்னு, பொழுது சாய்ஞ்சப்புறம் பொம்பளைங்களை வெச்சிருக்க முடியாது சார்னு சொன்னாரு. சத்தம் போடல, கையை ஆட்டல. கடைக்காரன் விலை சொல்ற மாதிரி சட்டத்தைச் சொன்னாரு. இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு எங்களை விட்டுட்டான்.

அன்னையிலேர்ந்து அவரு எங்க ஊரு வக்கீல். எங்க வீட்டுக்காரர் தணிகாசலம், பேப்பர்ல ஏரியா நிருபரா இருந்தாரு. அதனால கேஸ் பேப்பர் எல்லாம் எங்க வீட்டுலதான் இருக்கும். இவரும் எங்க வீட்டுலதான் வந்து உட்காருவாரு. என்னை அண்ணின்னு கூப்பிடுவாரு, அவரை அண்ணன்னு. நான் முதல்ல வக்கீல் சார்னுதான் சொல்லிட்டிருந்தேன், அப்புறம் தம்பின்னு ஆயிடுச்சு. ஒரு தடவை சிக்குன்குனியா வந்து எங்க வீட்டுலேயே படுத்துட்டாரு. கையை மடக்க முடியல. ஸ்பூனைப் பிடிக்க முடியல. நான்தான் கஞ்சியை ஊட்டிவிட்டேன். வெட்கப்படுவாரு, கண்ணை மூடிக்கிட்டு வாயைத் திறப்பாரு. சிரிப்பா வரும்.

கூட்டத்துல பேசுனா நல்லாப் பேசுவாரு. போலீஸ் அடிச்சா பயப்படாம ஜட்ஜுகிட்ட சொல்லுங்க, ஜட்ஜு யாருக்கும் பயப்பட வேண்டாத ஆளு, அவருக்குச் சம்பளம் கொடுக்கிறதே அதுக்குத்தான்னு சொல்லுவாரு. எங்க பொம்பளைங்க எல்லாம் அதை மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தாங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட, அண்ணா, எது நடந்தாலும் வீடியோ எடுத்து வெச்சுக்கோங்க, நாளைக்கு நமக்கு அதுதான் சாட்சின்னு சொல்லிக் கொடுத்ததும் அவருதான். இதை ஞாபகம் வெச்சுக்கோ.

அப்புறம் அவரு பரீட்சை எழுதி நேரா ஜில்லா ஜட்ஜ் ஆயிட்டாரு. ஊரே கொண்டாடுச்சு. பேனர் வெச்சோம். எங்க வீட்டுக்காரர் மட்டும் முகத்தைத் தூக்கி வெச்சிருந்தாரு. ஒரு நல்ல வக்கீல் போச்சு, அவ்வளவுதான்னாரு. நம்ம பிள்ளை ஒண்ணு மேல வந்தா உனக்குப் பொறுக்கலையான்னு நான் சத்தம் போட்டேன். அவரு குணமே அப்படித்தான். நல்லது நடந்தா அதுல ஒரு குத்தம் தேடுவாரு.

ஜட்ஜ் ஆனவரு எங்கெங்கேயோ மாத்தல்ல போனாரு. பொங்கலுக்கு போன் பண்ணுவாரு. அப்புறம் அதுவும் நின்னு போச்சு. ஜட்ஜுன்னா அப்படிப் பேசிக்கிட்டு இருக்கக் கூடாதாம். நான் தப்பா எடுத்துக்கல.

போன வருஷம் தையில கம்பெனியைப் பெருசாக்கப் போறாங்கன்னு தெரிஞ்சது. பழையபடி உட்கார்ந்தோம். இந்தத் தடவை பேச்சுவார்த்தையெல்லாம் இல்ல, வந்ததும் அடிதான். எங்க வீட்டுக்காரர் சுவரோரமா நின்னு போன்ல எடுத்துக்கிட்டிருந்தாரு. அதுல ஒரு காட்சி இருக்கு. சட்டை பேன்ட் போட்ட ஒருத்தன், போலீஸுங்களுக்கு நடுவுலேர்ந்து வர்றான், கட்டையால போலீஸ் ஜீப் கண்ணாடியையே உடைக்கிறான், திரும்ப அவங்களுக்கு நடுவுலேயே போய் நின்னுக்கிறான். யாரும் அவனைப் பிடிக்கல. அந்த வீடியோவை அன்னைக்கே இவரு நெட்டுல போட்டுட்டாரு. மறுநாள் காலையில வீட்டுக்கு வந்து அழைச்சிட்டுப் போயிட்டாங்க. கண்ணாடியை உடைச்சது இவராம். இன்ஸ்பெக்டர் தலையில கல்லைப் போட்டுக் கொல்லப் பார்த்ததும் இவராம். ஒரு கையில போனு, இன்னொரு கை தோளுக்கு மேல ஏறாது, பழைய வலி. அவரு கல்லை எறிஞ்சாராம்.

பத்தொன்பது வருஷம் எழுதின பேப்பர்ல, அவர் எங்க நிருபரே இல்லைன்னு ஒரு பெட்டிச் செய்தி போட்டாங்க. அதை விடு, அவங்க பொழைப்பு அது.

மேஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தினாங்க. சின்னப் பொண்ணு, எங்க பொண்ணைவிடக் கொஞ்சம் பெருசா இருக்கும். போலீஸ் அடிச்சாங்களான்னு கேட்டுச்சாம். அடிச்ச ரெண்டு பேரும் இவருக்குப் பின்னாலேயே நிக்கிறாங்க. இவரு ஆமான்னு சொல்லி, முதுகைக் காட்டட்டுமான்னு கேட்டிருக்காரு. வேண்டாம், எழுதிக்கிறேன்னுச்சாம். கோர்ட்டுப் பேப்பர்ல பார்த்தா, உடம்புல காயம் எதுவும் இல்ல, புகார் எதுவும் இல்லைன்னு இருந்தது. கீழே அந்தப் பொண்ணு கையெழுத்து, அழகா இருந்தது.

பெயிலுக்கு ஜில்லா கோர்ட்டுக்குப் போனோம். எங்க ஜில்லாவைப் பிரிச்சாங்க இல்லையா, புது ஜில்லாவுக்குப் புது கோர்ட். அங்க யாரு ஜட்ஜுன்னு நினைக்கிறே? அவரேதான். அப்போதான் மாத்தலாகி வந்திருக்காரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஊருல எல்லாருக்கும் போன் பண்ணிச் சொன்னேன். நம்ம தம்பிதான் ஜட்ஜு, இந்த வாரமே வந்துடுவாருன்னு சொன்னேன்.

எங்க வக்கீல் பர்வீன்னு ஒரு பொண்ணு. கெட்டிக்காரி, ஆனா எதுக்கெடுத்தாலும் சந்தேகம். அக்கா, இவரு பழைய பழக்கம், இவர்கிட்ட இந்தக் கேஸ் போகக் கூடாது, வேற கோர்ட்டுக்கு மாத்தச் சொல்லி மனு போடுவோம்னுச்சு. நான் சண்டை போட்டேன். ஊரு பேர் தெரியாத ஒருத்தர்கிட்ட கொண்டு போய்த் தள்ளப் போறியா, நம்ம வீட்டுல சாப்பிட்டவரு, நம்மளைத் தெரிஞ்சவருன்னு சொன்னேன். எங்க வீட்டுக்காரரும் உள்ளேருந்து பர்வீன் சொன்னதையேதான் சொன்னாரு, அவரு வேணாம் பூங்காவனம், மாத்திடுங்கன்னு. நான்தான் கேட்கல. கேட்கலைன்னா என்ன, நான் படிக்காதவ. அந்தப் பொண்ணு சட்டம் படிச்சிருக்கு. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாமா? ஒரு தடவை சொல்லிட்டு, சரிக்கா உங்க இஷ்டம்னு போயிட்டா யார் மேல தப்பு?

கோர்ட்டுல நான் முன்னாடி பெஞ்சுல உட்கார்ந்தேன். அவரு வந்தாரு. சதை போட்டிருந்தது, தலை நரைச்சிருந்தது, ஆனா அதே முகம். என்னைப் பார்த்தாரு. பார்த்தாரும்மா, சத்தியமா. அரசாங்க வக்கீல் எழுந்திரிச்சு, ஐயா முன்னாடி இந்த ஊருக்காக ஆஜராகியிருக்கீங்கன்னு கேள்வி, எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல, பதிவுக்காகச் சொல்றேன்னாரு. ஜட்ஜு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு.

“வக்கீலா இருந்தப்போ நூத்துக்கணக்கான பேருக்கு ஆஜராகியிருக்கேன்” அப்படின்னாரு. “இவங்க யாரையும் எனக்குத் தனிப்பட்ட முறையில தெரியாது.”

பர்வீன் என்னைத் திரும்பிப் பார்த்தா. அவ முகம் செத்துப் போச்சு. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? சந்தோஷம். கேட்டா நீ சிரிப்பே. எங்களைத் தெரியும்னு சொன்னா கேஸு வேற ஆள்கிட்ட போயிடும், அதுக்காகத்தான் தெரியாதுன்னு சொல்றாரு, நம்மளை விடறதுக்காகப் பொய் சொல்றாருன்னு நினைச்சேன். என்ன மூளை இவருக்குன்னு மனசுக்குள்ளயே மெச்சிக்கிட்டேன். முகத்துல எதுவும் காட்டக் கூடாதுன்னு தரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பெயில் இல்லைன்னுட்டாரு. வெளியே விட்டா சாட்சியைக் கலைப்பாராம்.

சரி, முதல் தடவையே கொடுத்தா சந்தேகம் வரும்னு விட்டேன். அடுத்த தடவையும் இல்லைன்னாரு. மேல இருந்து அழுத்தம் இருக்கும்னு நினைச்சேன். அதுக்கடுத்த தடவையும் இல்ல. கூடப் பிடிச்சுட்டுப் போன பொம்பளைங்களுக்கெல்லாம் கொடுத்தாரு, தினமும் ஸ்டேஷன்ல போய்க் கையெழுத்துப் போடணும்னு. இவருக்கு மட்டும் இல்ல. தூண்டிவிட்டவராம். காரணம் ஜட்ஜோட பொண்டாட்டியா இருக்கும்னு நினைச்சேன். பட்டணத்துல பெரிய இடத்துப் பொண்ணு, ஒரு தடவை எங்க வீட்டுக்கு வந்தப்போ தண்ணி டம்ளரைக் கையால தொடல. அவதான் மனசை மாத்தியிருப்பான்னு நினைச்சேன். பாரேன், யார் யார் மேலயோ போட்டேன். அவர் மேல மட்டும் போட எனக்கு மனசு வரல. ஜட்ஜுன்னா காகிதத்துல இருக்கிறதைத்தானே பார்க்க முடியும், போலீஸ் பொய்யா எழுதிக் கொடுத்தா பாவம் அவரு என்ன பண்ணுவாருன்னு எல்லாருக்கும் நானே பதில் சொல்லிட்டிருந்தேன். எங்க பொண்ணு என்கூடப் பேசறதை நிறுத்திடுச்சு. அம்மா, நீ ஜட்ஜுக்கு வக்கீலான்னு கேட்டுச்சு.

கேஸு நடந்தது. ஊரு கிராம அலுவலர் வந்து, இவரு கல்லு எறிஞ்சதைப் பார்த்தேன்னு சொன்னாரு. அவரு அன்னைக்கு ஊருலேயே இல்ல. பர்வீன் கேள்வி மேல கேள்வி கேட்டு அந்த ஆளைத் திணறடிச்சா. அப்போ கூட எனக்கு நம்பிக்கை. வீடியோ இருக்கே. போனைப் போலீஸ் எடுத்து வெச்சுக்கிட்டு, அதுல ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க. ஆனா நெட்டுல போட்டது இருந்தது. அதை எடுத்துக்கிட்டுப் போய்ப் போட்டுக் காட்டறேன்னு பர்வீன் சொன்னா. அதுக்கு ஏதோ சர்டிபிகேட் வேணுமாம், இது அசல் வீடியோதான்னு. அந்த சர்டிபிகேட் வாங்கறதுக்குப் போன் வேணும், போன் போலீஸ்கிட்ட. முறைப்படி இல்லாத ஆதாரத்தைப் பார்க்க முடியாதுன்னு தள்ளிட்டாரு. வீடியோ எடுங்கண்ணான்னு சொல்லிக் கொடுத்த அதே வாயி.

தீர்ப்பு அன்னைக்குக் கோர்ட்டு நிறைய கூட்டம். குத்தம் நிரூபணம் ஆச்சுன்னு சொன்னாரு. பத்திரிகைங்கிற போர்வையில மக்களை வன்முறைக்குத் தூண்டினாருன்னு ஒரு வரி வாசிச்சாரு. தலையை நிமிரவே இல்ல. கலங்கிட்டாரு போலிருக்குன்னு பர்வீன்கிட்ட சொன்னேன். இல்லக்கா, படிக்க வேண்டிய பக்கத்தைத் தேடறாருன்னா அவ.

தண்டனையைச் சொல்றதுக்கு முன்னாடி கேட்பாங்க, நீ ஏதாவது சொல்லணுமான்னு. கேட்டாரு. எங்க வீட்டுக்காரர் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அழல, கோபப்படல.

“அந்த வீடியோவை ஒரு தடவை பாருங்க ஐயா” அப்படின்னாரு. “கேஸுக்காக வேண்டாம். கேஸுதான் முடிஞ்சு போச்சே. சும்மா, வீட்டுல உட்கார்ந்து பாருங்க.”

ஜட்ஜ் பக்கத்துல டைப் அடிக்கிற பொண்ணு கையை எடுத்துட்டு அவரையே பார்த்துச்சு, என்ன அடிக்கிறதுன்னு. அவரு சொன்னாரு, எதிரி தன் குடும்ப சூழ்நிலையைக் கருதிக் குறைஞ்ச தண்டனை கேட்கிறாருன்னு பதிவு பண்ணிக்கோம்மான்னு. அந்தப் பொண்ணு அப்படியே அடிச்சுது. அஞ்சு வருஷம்.

குறைஞ்ச தண்டனை கேட்டாராம் எங்க வீட்டுக்காரரு. கேட்டியா நீ? அந்த மனுஷன் என்கிட்ட ஒரு டம்ளர் தண்ணி கூடக் கெஞ்சிக் கேட்டதில்ல.

அதுக்கப்புறமும் நான் முழுசா விடல. ஏன்னு கேட்காதே. ஒரு ஆளு பொய்யை நம்பி ஏமாந்து போறதுக்கும், தெரிஞ்சே பண்றதுக்கும் வித்தியாசம் இருக்கில்ல? அவரு ஏமாந்துட்டாரு, அவ்வளவுதான்னு வெச்சுக்கிட்டேன். அப்படி வெச்சுக்கிட்டாத்தான் எனக்குச் சோறு இறங்குச்சு.

போன மாசம் ஒரு கல்யாணம். பர்வீனோட சீனியர் வக்கீல் சவுந்தரராசன்னு ஒருத்தரு, பெரியவரு, பழைய போராட்டத்துலயெல்லாம் கூட இருந்தவரு. அவரு பேத்திக்குக் கல்யாணம். எனக்கும் பத்திரிகை வெச்சிருந்தாரு. எங்கேயும் போறதில்ல நான், ஆனா அவர் வீட்டுக்குப் போகாம இருக்க முடியுமா? பந்தியில சாப்பிட்டுட்டுக் கை கழுவப் போனேன். அங்க நிக்கிறாரு இளம்பரிதி. கூட வந்த போலீஸ்காரன் கொஞ்சம் தள்ளி நிக்கிறான். சுத்தி நாலஞ்சு வக்கீலுங்க. நான் ஒதுங்கிப் போகலாம்னு திரும்பினேன். அவரே வந்தாரு. கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு வந்தாரும்மா.

“அண்ணி, எப்படி இருக்கீங்க? பாப்பா என்ன படிக்குது?”

அதே குரல். கஞ்சி குடிச்ச குரல். ப்ளஸ் டூ ஐயான்னு சொன்னேன். ஆமா, பதில் சொன்னேன். நல்லாப் படிக்குதான்னு கேட்டாரு, படிக்குதுங்க ஐயான்னேன். உன்னை மாதிரி வயசுப் பிள்ளைங்களுக்கு இது புரியாது. ஒருத்தர் கும்பிட்டா கை தானா மேல வந்துடும்.

அப்புறம் கொஞ்சம் கிட்ட வந்து மெதுவாச் சொன்னாரு.

“என் மேல வருத்தம் இருக்கும் அண்ணி. நான் உட்கார்ந்திருக்கிற இடம் அப்படி. அண்ணன்கிட்ட தைரியமா இருக்கச் சொல்லுங்க. அப்பீல்ல இது நிக்காது. நான் இடம் விட்டுத்தான் எழுதியிருக்கேன். ஹைகோர்ட்ல யார் படிச்சாலும் ஓட்டை தெரியும்.”

சொல்லிட்டு என் கையில தாம்பூலப் பையைக் கொடுத்துட்டுப் போனாரு. யாரோ அவருக்குக் கொடுத்த பை.

இப்போ நீ என்னைத் திட்டுவே. எனக்கு அன்னைக்கு மனசு குளுந்து போச்சு. இத்தனை மாசத்துல முதல் தடவையா நல்ல சேதி. இடம் விட்டு எழுதியிருக்காராமே, நம்மளை மறக்கலையே, அண்ணின்னு கூப்பிட்டாரேன்னு. பஸ்ஸுல வர்றப்போ சிரிச்சுக்கிட்டே வந்தேன் போல, பக்கத்துல இருந்த அம்மா என்னை ஒரு மாதிரியாப் பார்த்துச்சு. அடுத்த மனு நாள் எப்போ வரும்னு இருந்தேன். ஓடி வந்தேன் இங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்க வீட்டுக்காரர், இந்தப் பக்கம் நான், கையில போனு. ஒண்ணு விடாமச் சொன்னேன்.

அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. என்ன சொன்னாருன்னு இன்னொரு தடவை சொல்லுன்னாரு. சொன்னேன். இடம் விட்டு எழுதியிருக்கேன்னு சொன்னாருன்னு சொன்னேன்.

“அப்போ அவனுக்குத் தெரியும்” அப்படின்னாரு.

அவன்னு சொல்லிட்டாரும்மா. தீர்ப்பு சொன்ன அன்னைக்குக் கூட அவருன்னுதான் சொன்னாரு. அடி வாங்கி வந்து ஒரு பக்கமா ஒருக்களிச்சு உட்கார்ந்த அன்னைக்கும் யாரையும் அவன் இவன்னு சொன்னதில்ல. என்னைப் பார்த்தாரு. உனக்குச் சந்தோஷமா பூங்காவனம்னு கேட்டாரு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள போனை வெச்சுட்டு எழுந்து போயிட்டாரு. நேரம் இன்னும் இருந்தது. அந்தக் காவலர் கூட, என்னம்மா சண்டையான்னு கேட்டாரு.

அதுக்கப்புறம் மூணு தடவை வந்தேன். வரமாட்டேங்கிறாருன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பழத்தை மட்டும் உள்ள கொடுத்துட்டுப் போனேன். என் மேல என்ன கோபம் அவருக்கு? தீர்ப்பை நானா எழுதினேன்?

ஆனா வீட்டுக்குப் போய் யோசிச்சேன். அவரு சொன்னது ஒரு நாளு முழுக்கக் காதுலயே இருந்தது. அவனுக்குத் தெரியும். ஏமாந்து போகல. காகிதத்தைப் பார்த்து மயங்கல. போலீஸ் சொன்னது பொய்யின்னு தெரியும், கிராம அலுவலர் ஊருல இல்லைன்னு தெரியும். அந்த வீடியோவைக் கூட வீட்டுல உட்கார்ந்து பார்த்திருப்பான், எனக்குத் தோணுது. பார்த்துட்டு, பக்கம் பக்கமா எழுதி, நடு நடுவுல ஓட்டை விட்டு, அஞ்சு வருஷம் போட்டுட்டு, கல்யாணத்துல வந்து எனக்கு நல்லது பண்ணேன்னு சொல்றான். அதைத் தர்மம் மாதிரி சொன்னாம்மா. நானும் வாங்கிக்கிட்டேன். கும்பிட்டு வாங்கிக்கிட்டேன்.

ஓட்டை இருக்கிற தீர்ப்புன்னா உள்ள இருக்கிறவருக்கு வெளிச்சமா வருது? ஹைகோர்ட்ல வாய்தா மேல வாய்தா. எங்க வீட்டுக்காரர் இந்த அப்பீலை நம்பி எத்தனை நாளு உள்ள இருக்கணும்னு அவனுக்குத் தெரியாதா? அவனே வக்கீலா இருந்தவன்தானே?

பர்வீன்கிட்ட போனேன். சொன்னேன். அவ பேனாவைக் கீழ வெச்சுட்டா. அக்கா, இதை அப்படியே எழுதிப் பிரமாணப் பத்திரமா ஹைகோர்ட்ல கொடுக்கலாம், கொடுப்பீங்களான்னா. அவளே பயத்தையும் சொன்னா. சாட்சி கிடையாது, பக்கத்துல நின்ன வக்கீலுங்க ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான், அவரு இல்லைன்னுடுவாரு, கோர்ட் அவமதிப்புன்னு உங்க மேலேயே கேஸ் வரலாம், அப்பீல் கூட இன்னும் இழுக்கலாம்னா. யோசிச்சுச் சொல்லுங்கன்னா. இந்தத் தடவை அவ அழுத்தியும் சொல்லல, தடுத்தும் சொல்லல.

எப்படித் தெரிஞ்சதோ, சவுந்தரராசன் ஐயா வீட்டுக்கே வந்துட்டாரு. அந்த வயசுல படியேறி வந்தாரு. வேண்டாம்மான்னாரு. இளம்பரிதி ஹைகோர்ட் ஜட்ஜ் ஆகப் போறாரு, பேரு மேல போயிருக்கு, இந்த நேரத்துல கெடுக்காதே, நம்ம பிள்ளை அவன், மேல போய் உட்கார்ந்தா நம்ம மாதிரி ஆளுங்களுக்கு நாளைக்கு உதவியா இருப்பான்னாரு. ஐயா கெட்டவர் இல்ல. எங்களுக்காக ஜெயிலுக்கே போனவரு. அவரும் நான் நினைச்ச மாதிரியே நினைக்கிறாரு. நான் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

நேத்து பர்வீன் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டேன். போடறதுக்கு முன்னாடி முழுசா வாசிச்சுக் காட்டச் சொன்னேன். நல்லா எழுதியிருந்தா. அண்ணின்னு கூப்பிட்டதை விட்டுட்டா. அது சட்டத்துக்குத் தேவையில்லக்கான்னா. தேவை, சேர்த்துக்கோன்னேன். பாப்பா என்ன படிக்குதுன்னு கேட்டதையும் சேர்த்துக்கோன்னேன். நான் கும்பிட்டதையும் எழுதுன்னேன். அதை ஏன்க்கான்னு கேட்டா. நடந்ததுதானே, எழுதுன்னேன். திரும்பத் தட்டச்சு அடிச்சுக் கொண்டு வந்தா. பெரிய கோர்ட்டுல படிக்கிறப்போ எனக்கு வெட்கமாத்தான் இருக்கும். இருக்கட்டும்.

எங்க பொண்ணு கூட வந்திருந்துச்சு. திரும்பி வர்றப்போ என் பையை அது வாங்கிக்கிச்சு.

எங்க வீட்டுக்காரருக்கு இது தெரியாது. சொல்லத்தான் வந்திருக்கேன். வந்தா சொல்லணும். வரலைன்னா காவலர்கிட்ட சொல்லியனுப்பலாமான்னு பார்த்தேன், இதையெல்லாம் எப்படிச் சொல்லியனுப்பறது? அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லணும்.

உங்க வக்கீல்கிட்ட ஒண்ணு மட்டும் கேளு. அந்த ஜட்ஜு நல்லவரான்னு கேட்காதே. நல்லவரா இருந்து இதுவரைக்கும் என்ன எழுதியிருக்காருன்னு கேளு. கேட்டுட்டு, உன் அண்ணன் என்ன சொல்றானோ அதையும் கேளு. உள்ள இருக்கிறவனுக்குச் சில விஷயம் நம்மளைவிட நல்லாத் தெரியுது.

இரு, கூப்பிடறான். தணிகாசலம் மனுன்னுதானே சொன்னான்? ஆமா. வழக்கமா பேரைச் சொல்லிட்டுத் தலையை ஆட்டுவான், வரலைன்னு. இன்னைக்கு உள்ள வரச் சொல்றான் பாரு.

என் புடவை சரியா இருக்கா? பின்னால கசங்கியிருக்கா பாரும்மா.

தண்ணி பாட்டிலை உள்ள விட மாட்டாங்க. இதை நீ குடிச்சுடு. உனக்கு இன்னும் நேரம் ஆகும்.